கிளைக்கு ஒரு வரிசை எண்: காம்போசிட் ப்ரைமரி கீயில் ஆட்டோ இன்கிரிமென்ட்

பல கிளைகள் உள்ள ஒரு கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறீர்கள். ஒவ்வொரு கிளைக்கும் பில் எண் 1-இல் தொடங்க வேண்டும், ஏப்ரல் பிறந்தால் மறுபடி 1-இல் தொடங்க வேண்டும். மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 46-வது விதி இன்வாய்ஸ் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், 16 எழுத்துக்குள் அடங்க வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது என்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை வைத்துக்கொள்ள அனுமதியும் உண்டு. ஆகவே கிளை, நிதியாண்டு, எண் மூன்றையும் சேர்த்து ப்ரைமரி கீ (ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்துக் காட்டும் அடையாளம், பல ஃபீல்டு சேர்ந்தால் காம்போசிட்) ஆக்குவோம், எண்ணை மட்டும் ஆட்டோ இன்கிரிமென்ட்டில் (டேட்டாபேஸே தானாக அடுத்த எண்ணைத் தருவது) விடுவோம், டேட்டாபேஸே கிளைவாரியாக எண்ணிக்கொள்ளும் என்று தோன்றும். பெரும்பாலான டேட்டாபேஸ்கள் அப்படி எண்ணாது.

அப்படி எண்ணிய ஒன்று உண்டு: மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் தரவைச் சேமிக்கும் பழைய மைஐசாம் எஞ்சின். அதில் ஆட்டோ இன்கிரிமென்ட் ஃபீல்டை காம்போசிட் கீயின் இரண்டாவது இடத்திலோ அதற்குப் பின்னரோ வைத்தால், முன்னால் உள்ள ஃபீல்டுகளின் மதிப்பு ஒன்றாக உள்ள ரெக்கார்டுகளில் மிகப் பெரிய எண்ணைத் தேடி அதோடு ஒன்றைக் கூட்டித் தரும். இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பல பதில்கள் அந்தக் காலத்தவை. மைஐசாமால் இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், எழுதும்போது டேபிள் முழுவதையும் லாக் செய்தது. அதில் ட்ரான்சாக்ஷனும் (பல கட்டளைகளை ஒன்றாகக் கமிட் செய்து உறுதியாக்குவது, அல்லது ரோல்பேக் செய்து மொத்தமாக விலக்குவது) கிடையாது. குழுவில் கடைசி ரெக்கார்டை அழித்தால் அதே எண் அடுத்தவருக்குப் போய்விடும் என்ற குறையும் இருந்தது. பில் எண்ணுக்கு அது ஆகவே ஆகாது.

மைஎஸ்க்யூஎல் 5.5 பதிப்பிலிருந்து இயல்பான எஞ்சின் இன்னோடிபி. அதே டேபிளை அதில் உருவாக்கப் பார்த்தால் 1075 என்ற பிழை வரும்: ஆட்டோ ஃபீல்டு ஒன்றுதான் இருக்கலாம், அது ஒரு கீயாக இருக்க வேண்டும் என்று. இன்னோடிபி உண்மையில் கேட்பது, ஏதாவது ஒரு இண்டெக்ஸில் (தேடலுக்கான வரிசைப்பட்டியல்) அந்த ஃபீல்டு முதலாவதாக இருக்க வேண்டும் என்பதே. எண் ஃபீல்டுக்குத் தனியாக ஒரு சாதாரண இண்டெக்ஸ் போட்டால் பிழை மறைந்துவிடும், டேபிளும் உருவாகிவிடும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கீ காம்போசிட்தான், ஆனால் எண்ணும் கவுண்டர், டேபிள் முழுமைக்கும் ஒன்றுதான். 1-ஆம் கிளைக்கு 1, 2-ஆம் கிளைக்கு 2, மறுபடி 1-ஆம் கிளைக்கு 3 என்று போகும்.

போஸ்ட்கிரெஸில் தானாக எண் தரும் ஐடென்டிட்டி, சீரியல் இரண்டும் பின்னால் இருக்கும் ஒரு சீக்வென்ஸை (அடுத்தடுத்த எண்ணைத் தரும் பொருள்) நம்பியவை. அந்தச் சீக்வென்ஸுக்குக் கிளை என்று ஒன்று இருப்பதே தெரியாது. எஸ்க்யூஎல் சர்வரிலும் ஆரக்கிளிலும் இதே நிலைதான். எஸ்க்யூலைட்டில் மட்டும் கதை கொஞ்சம் விபரீதம். அங்கே தானாக எண் வருவது தனி இன்டிஜர் ப்ரைமரி கீக்கு மட்டும். காம்போசிட் கீயில் எண்ணைக் கொடுக்காமல் விட்டால் பிழை வராது, அந்த இடத்தில் நல் (NULL, மதிப்பே இல்லை என்ற குறி) உட்கார்ந்துகொள்ளும். பழைய பிழை ஒன்றை இணக்கத்துக்காக அப்படியே வைத்திருப்பதால், எஸ்க்யூலைட் சாதாரண டேபிளின் ப்ரைமரி கீயில் நல்லை அனுமதிக்கிறது. ஒரு நல் இன்னொரு நல்லுக்குச் சமமில்லை என்பதால் அப்படி ஆயிரம் ரெக்கார்டு சேர்ந்தாலும் டூப்ளிகேட் என்று தடுக்காது. கீ ஃபீல்டு ஒவ்வொன்றுக்கும் நாட் நல் என்று கைப்பட எழுதியே ஆக வேண்டும்.

ஏன் யாரும் இதை உள்ளேயே செய்து தரவில்லை? ஆட்டோ இன்கிரிமென்ட்டின் வேகமே அது ட்ரான்சாக்ஷனுக்காகக் காத்திருக்காததில்தான் இருக்கிறது. எண்ணை வாங்கியவர் கமிட் செய்வாரா ரோல்பேக் செய்வாரா என்று அது பார்ப்பதில்லை. கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்குவதும் இல்லை. அதனால் இடைவெளி விழுவது இயல்பு. ரோல்பேக்கில் விழும். போஸ்ட்கிரெஸில் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங் (கீ மோதினால் விட்டுவிடு என்ற கட்டளை) எதையும் சேர்க்காமல் போனாலும் ஒரு எண் வீணாகும். எஸ்க்யூஎல் சர்வரில் 2012 பதிப்பிலிருந்து, சர்வர் திடீரென்று நின்று எழுந்தால் இன்ட் ஐடென்டிட்டி 1000 எண்ணைத் தாண்டிக் குதிக்கும். ஆரக்கிள் சீக்வென்ஸ் வழக்கமாக 20 எண்களை நினைவகத்தில் முன்கூட்டியே எடுத்து வைக்கும், நினைவகம் போனால் மிச்ச எண்களும் போகும். விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13-வது அட்டவணையில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, மொத்தம் எத்தனை, ரத்தானது எத்தனை என்று எழுத வேண்டியிருக்கிறது. 1 முதல் 500 வரை, மொத்தம் 487 என்று அங்கே காட்டினால் கேள்வி வரும். இடைவெளி இல்லாத எண் வேண்டுமென்றால் முன்னவர் கமிட் செய்யும் வரை பின்னவர் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்பை எங்கே, எவ்வளவு சிறியதாக வைப்பது என்பதுதான் மொத்த வேலையும்.

எல்லோரும் முதலில் எழுதுவது மேக்ஸ் கூட்டல் ஒன்று. அந்தக் கிளையின் மிகப் பெரிய எண்ணை செலக்ட் செய்து, ஒன்றைக் கூட்டி, இன்செர்ட் செய்வது. கிளை, ஆண்டு, எண் என்ற வரிசையில் இண்டெக்ஸ் இருந்தால் இது வேகமாகவே ஓடும், இண்டெக்ஸின் கடைசி முனையில் ஒரு எட்டுப் பார்த்தால் போதும். சிக்கல் வேகத்தில் இல்லை. கடையின் இரண்டு பில்லிங் மேசைகளில் ஒரே நேரத்தில் பில் போட்டால் இருவரும் 41-ஐப் பார்ப்பார்கள், இருவரும் 42-ஐ எழுத வருவார்கள். ப்ரைமரி கீயோ யூனிக் கட்டுப்பாடோ இருந்தால் ஒருவருக்கு டூப்ளிகேட் கீ பிழை வரும்: மைஎஸ்க்யூஎல்லில் 1062, போஸ்ட்கிரெஸில் 23505, எஸ்க்யூஎல் சர்வரில் 2627. அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் பிழையே வராது, ஒரே எண்ணில் இரண்டு பில் அச்சாகும். இரண்டையும் ஒரே இன்செர்ட் செலக்ட் ஸ்டேட்மென்டாக எழுதினால் தப்பிக்கலாம் என்பதும் பொய். போஸ்ட்கிரெஸிலும் ஆரக்கிளிலும் ஸ்டேட்மென்ட் தொடங்கும்போது தெரிந்த நிலையைத்தான் அது படிக்கிறது, பக்கத்தில் கமிட் ஆகாத 42 அதன் கண்ணில் படாது.

சரி, படிக்கும் ரெக்கார்டை லாக் செய்யும் ஃபார் அப்டேட் சேர்த்தால்? போஸ்ட்கிரெஸ் மேக்ஸ் போன்ற திரட்டு ஃபங்ஷனோடு ஃபார் அப்டேட்டை அனுமதிப்பதே இல்லை. உடனே பலர் இறங்குவரிசையில் அடுக்கி, லிமிட் 1 போட்டு, அந்த ஒரு ரெக்கார்டை லாக் செய்வார்கள். இரண்டாமவர் ஒழுங்காகக் காத்திருப்பார். முதலாமவர் 42-ஐ எழுதி கமிட் செய்ததும் இவருக்கு லாக் கிடைக்கும், ஆனால் கையில் வருவது அதே 41. காத்திருந்தது 41-ஆம் ரெக்கார்டுக்காக, அது மாறவில்லை, புதிதாக வந்த 42-ஐத் தேடி கொயரி மறுபடி ஓடுவதில்லை. ஆக, காத்திருந்தும் டூப்ளிகேட் பிழைதான்.

மைஎஸ்க்யூஎல்லில் வேறு விதமான விபத்து. இயல்பான ரிப்பீட்டபிள் ரீட் நிலையில் (ட்ரான்சாக்ஷன் முழுக்க ஒரே நிலையைப் படிக்கும் முறை), ஒரு கிளைக்கு அந்த ஆண்டில் ஒரு பில்கூட இல்லாதபோது இருவர் ஃபார் அப்டேட்டோடு மேக்ஸைக் கேட்டால், இல்லாத ரெக்கார்டுகளின் இடைவெளியை இருவரும் லாக் செய்வார்கள். இடைவெளி லாக்குகள் ஒன்றையொன்று தடுக்காது, அதனால் இருவருக்கும் கிடைத்துவிடும். பிறகு இருவரும் இன்செர்ட் செய்ய வரும்போது ஒருவர் லாக் மற்றவரை மறிக்கும். விளைவு 1213 பிழை, டெட்லாக்: ஒருவருக்காக ஒருவர் காத்து இருவரும் நிற்பது. அந்த இடைவெளி பக்கத்துக் கிளையின் எல்லை வரை நீள்வதால், சம்பந்தமே இல்லாத கிளையின் பில்லும் கொஞ்ச நேரம் நிற்கலாம். சோதனை டேபிளில் எப்போதும் சில பில்கள் இருக்கும் என்பதால் சோதனையில் இது அகப்படாது. ஏப்ரல் 1 காலையில் கடை திறந்ததும் அகப்படும்.

டூப்ளிகேட் பிழை வந்தால் மறுபடி முயல்வது என்று எழுதினால் மேக்ஸ் முறையும் ஓடத்தான் செய்யும். நெரிசல் குறைந்த இடத்துக்கு அது தவறும் இல்லை. ஆனால் போஸ்ட்கிரெஸில் ஒரு பிழை வந்ததும் அந்த ட்ரான்சாக்ஷனில் அடுத்த கட்டளை எதுவும் ஓடாது. சேவ்பாயிண்ட் (திரும்பிப் போக நடுவில் வைக்கும் குறி) வைத்திருக்க வேண்டும், இல்லையேல் ட்ரான்சாக்ஷனை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அட்வைசரி லாக் (ரெக்கார்டின் மேல் அல்லாமல் அப்ளிகேஷன் தானே கேட்டு எடுக்கும் லாக்) எடுத்துவிட்டு மேக்ஸ் கேட்பது இன்னொரு வழி. அப்போது லாக்கும் மேக்ஸும் தனித்தனி ஸ்டேட்மென்டாக, ரீட் கமிட்டெட் நிலையில் (ஒவ்வொரு ஸ்டேட்மென்டும் அதுவரை கமிட் ஆனதைப் படிப்பது) இருக்க வேண்டும். ஒரே ஸ்டேட்மென்டில் சேர்த்தால் லாக் கிடைப்பதற்கு முன்பே எடுத்த பழைய நிலையைத்தான் படிக்கும். எஸ்க்யூலைட்டுக்கு மட்டும் மேக்ஸ் முறை முற்றிலும் பொருந்தும், ஏனெனில் அங்கே ஒரு சமயத்தில் ஒருவர்தான் எழுத முடியும். செலக்ட்டும் இன்செர்ட்டும் தனித்தனியாக இருந்தால் எழுதும் லாக்கை முதலிலேயே எடுக்கும் பிகின் இம்மீடியட் என்று தொடங்கினால் போதும்.

நான் எங்கும் பரிந்துரைப்பது தனி கவுண்டர் டேபிள். பெயர் பில்_எண்ணி. மூன்று ஃபீல்டு: கிளை, ஆண்டு, கடைசி (கடைசியாகக் கொடுத்த எண்). முதல் இரண்டும் சேர்ந்து ப்ரைமரி கீ. 2025-26 நிதியாண்டை 2025 என்று வைத்துக்கொள்ளலாம். போஸ்ட்கிரெஸில் 7-ஆம் கிளைக்கு எண் வாங்குவது ஒரே ஸ்டேட்மென்ட்:

இன்செர்ட் இன்டு பில்_எண்ணி (கிளை, ஆண்டு, கடைசி) வேல்யூஸ் (7, 2025, 1)
ஆன் கான்ஃப்ளிக்ட் (கிளை, ஆண்டு) டூ அப்டேட் செட் கடைசி = பில்_எண்ணி.கடைசி + 1
ரிட்டர்னிங் கடைசி;

ஆண்டின் முதல் பில்லுக்கு ரெக்கார்டு உருவாகும், அடுத்தடுத்தவற்றுக்கு ஒன்று கூடும். அந்த முதல் பில்லை இருவர் ஒரே நேரத்தில் போட்டாலும், பின்னவர் முன்னவரின் கமிட்டுக்காகக் காத்திருந்து 2-ஐப் பெறுவார். வந்த எண்ணை வைத்து அதே ட்ரான்சாக்ஷனில் பில்லை எழுதி கமிட் செய்ய வேண்டும். ரோல்பேக் ஆனால் கவுண்டரும் பழைய நிலைக்குத் திரும்பும், எண் வீணாகாது. சீக்வென்ஸால் தர முடியாதது இதுதான்.

மைஎஸ்க்யூஎல்லில் ரிட்டர்னிங் இல்லை. அங்கே அப்டேட்டுக்குள்ளேயே கடைசி = லாஸ்ட்_இன்செர்ட்_ஐடி(கடைசி + 1) என்று எழுதிவிட்டு, அடுத்து செலக்ட் லாஸ்ட்_இன்செர்ட்_ஐடி() என்று கேட்டால் புதிய எண் வரும். அந்த மதிப்பு ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனி என்பதால் பக்கத்தில் யார் என்ன செய்தாலும் குழம்பாது. ரெக்கார்டு இல்லாவிட்டால் என்ன என்பதற்குச் சிலர் முதலில் இன்செர்ட் இக்னோர், பிறகு அப்டேட் என்று ஒரே ட்ரான்சாக்ஷனில் எழுதுவார்கள். டூப்ளிகேட்டைக் கண்ட இன்செர்ட் இக்னோர் அந்த ரெக்கார்டின் மேல் ஷேர்டு லாக் (பலர் ஒரே நேரத்தில் வைக்கலாம்) வைக்கும். இருவர் அப்படி வைத்துக்கொண்டு இருவரும் அப்டேட்டுக்குப் போனால் டெட்லாக். ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் எடுப்பது எக்ஸ்க்ளூசிவ் லாக் (ஒருவர் மட்டுமே வைக்கலாம்), அதனால் அந்தச் சிக்கல் இல்லை. எஸ்க்யூஎல் சர்வரில் அப்டேட்டோடு அவுட்புட் சேர்த்தால் புதிய எண் கைக்கு வரும், ஆரக்கிளில் ரிட்டர்னிங் இன்டு.

கவுண்டரைக் கிளை டேபிளிலேயே ஒரு ஃபீல்டாக வைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். கிளை டேபிளைச் சுட்டும் ஃபாரின் கீ பில் டேபிளில் இருந்தால், இன்னோடிபியில் ஒவ்வொரு பில் இன்செர்ட்டும் தாய் ரெக்கார்டின் மேல் ஷேர்டு லாக் வைக்கும். அதே ரெக்கார்டை மற்றவர் அப்டேட் செய்ய வந்தால் மேலே சொன்ன அதே முட்டல். தனி டேபிள் என்றால் கிளை விவரம் படிப்பவர்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

லாக் கமிட் வரை விடாது என்பதால், எண் வாங்கிய பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். எண் வாங்கிக் கமிட் ஆக 5 மில்லி விநாடி என்றால் ஒரு கிளைக்கு விநாடிக்கு 200 பில் வரை போகும், எந்தக் கடைக்கும் இது தாராளம். நடுவில் பேமென்ட் கேட்வேயைக் கூப்பிட்டு 2 விநாடி காத்திருந்தால் இரண்டு விநாடிக்கு ஒரு பில்தான். பொருள் விலை, வரிக் கணக்கு, ஸ்டாக் சரிபார்ப்பு எல்லாவற்றையும் முடித்துவிட்டு, பில்லை எழுதுவதற்குச் சற்று முன்னால் எண்ணை வாங்குங்கள். பிடிஎஃப், எஸ்எம்எஸ், மெயில் எல்லாம் கமிட்டுக்குப் பிறகு. ஒரே ட்ரான்சாக்ஷனில் இரண்டு கிளைகளுக்கு எண் தேவைப்பட்டால் எப்போதும் சிறிய கிளை எண்ணிலிருந்து பெரியதற்குப் போக வேண்டும். ஒருவர் 3, 7 என்றும் மற்றவர் 7, 3 என்றும் போனால் டெட்லாக் உறுதி. 50 பில்களை மொத்தமாகப் போடுவதாக இருந்தால் 50 முறை கேட்க வேண்டியதில்லை, ஒரே தடவை 50-ஐக் கூட்டி, வந்த எண்ணிலிருந்து பின்னோக்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

போஸ்ட்கிரெஸில் இரண்டு விஷயம் கூடுதலாக. ரிப்பீட்டபிள் ரீட் அல்லது சீரியலைசபிள் நிலையில் இருந்தால் காத்திருந்த அப்டேட் 40001 என்று தோற்கும், மறுமுயற்சி எழுதியே தீர வேண்டும். ரீட் கமிட்டெட்டில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது, ஒரே ரெக்கார்டை நாள் முழுக்க அப்டேட் செய்வதால் செத்த பதிப்புகள் சேரும். கடைசி ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் போடாமல், டேபிளின் ஃபில்ஃபேக்டரை (ஒரு பக்கத்தை எத்தனை சதவீதம் நிரப்புவது) 50 அளவில் வைத்தால் புதிய பதிப்பு அதே பக்கத்திலேயே அடங்கி, பழையது எளிதில் சுத்தமாகும்.

இதையெல்லாம் ட்ரிக்கரில் (இன்செர்ட் நடக்கும்போது டேட்டாபேஸ் தானாக ஓட்டும் நிரல்) ஒளித்து வைக்கலாமா? போஸ்ட்கிரெஸில் பிஃபோர் இன்செர்ட் ட்ரிக்கர் நன்றாகவே ஓடும், ரிட்டர்னிங்கில் எண்ணும் திரும்பி வரும். மைஎஸ்க்யூஎல்லில் ட்ரிக்கருக்குள் மாற்றிய லாஸ்ட்_இன்செர்ட்_ஐடி ட்ரிக்கர் முடிந்ததும் பழைய மதிப்புக்குத் திரும்பிவிடும், அதன் வழியாக அப்ளிகேஷனுக்கு எண்ணைத் தெரிவிக்க முடியாது. எஸ்க்யூஎல் சர்வரில் ட்ரிக்கர் ஒரு ஸ்டேட்மென்டுக்கு ஒரு முறைதான் ஓடும், பத்து ரெக்கார்டு ஒன்றாக வந்தால் ஒரே எண்ணைப் பத்துக்கும் கொடுக்கும் ட்ரிக்கர்கள் ஏராளம். ஆரக்கிளில் ட்ரிக்கரிலிருந்தே சொந்த டேபிளின் மேக்ஸைப் படித்தால், ஒற்றை வேல்யூஸ் இன்செர்ட்டில் தப்பித்துக்கொள்ளும், இன்செர்ட் செலக்ட் வந்த அன்று 04091 பிழையில் விழும். எண் வாங்குவதை வெளிப்படையாக ஒரு ஃபங்ஷனாக எழுதி வைப்பதே என் விருப்பம்.

ப்ரைமரி கீ எதுவாக இருக்க வேண்டும்? பில்லுக்கு நான் தனி ஐடி ஒன்றை ஐடென்டிட்டியாக வைத்து, கிளை, ஆண்டு, எண் மூன்றுக்கும் யூனிக் கட்டுப்பாடு போடுவேன். ஐடியில் இடைவெளி விழட்டும், அதை யாரும் அச்சடிக்கப் போவதில்லை. மூன்று ஃபீல்டு கீயை ப்ரைமரி ஆக்கினால் பில் வரிகள் (லைன் ஐட்டம்), ரசீதுகள், ரிட்டர்ன்கள் என்று ஒவ்வொரு டேபிளும் மூன்று ஃபீல்டையும் சுமக்க வேண்டும். இன்னோடிபியில் ஒவ்வொரு துணை இண்டெக்ஸும் ப்ரைமரி கீ முழுவதையும் உள்ளே வைத்திருக்கும். டேபிள்களை நிரலின் ஆப்ஜெக்டுகளாகக் கையாளும் சில ஓஆர்எம் நூலகங்களில் ஆதரவும் சமீபத்தியதுதான்: ரெயில்ஸில் 7.1, ஜாங்கோவில் 5.2.

பில்லுக்குள் இருக்கும் பொருள் வரிகளுக்கு நேர்மாறான தீர்ப்பு. அங்கே பில் ஐடியும் வரி எண்ணும் சேர்ந்த ப்ரைமரி கீ அருமையாகப் பொருந்தும், ஒரு பில்லின் வரிகள் டிஸ்க்கில் அடுத்தடுத்து உட்காரும். எண்ணை டேட்டாபேஸ் தர வேண்டிய அவசியமும் இல்லை, பில் ஒரே தடவையில் எழுதப்படுவதால் 1, 2, 3 என்று அப்ளிகேஷனே போட்டுவிடலாம். பார்ட்டிஷன் செய்த (கிளைவாரியாகத் துண்டுகளாகப் பிரித்த) டேபிள் மூன்றாவது வகை. போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல்லும் பார்ட்டிஷன் ஃபீல்டு ப்ரைமரி கீயில் இருந்தே ஆக வேண்டும் என்கின்றன. அங்கே கிளையும் பொது ஐடியும் சேர்ந்த காம்போசிட் கீ போதும், கிளைவாரி எண் தேவையில்லை. மேலே சொன்ன இன்னோடிபியின் தனி இண்டெக்ஸ் வித்தை அந்த இடத்தில் சரியான விடை.

எண்ணை எண்ணாகவே சேமியுங்கள். முன்னொட்டோடு சேர்த்து எழுத்தாக வைத்தால் மேக்ஸும் வரிசைப்படுத்தலும் எழுத்துக் கணக்கில் நடக்கும், அதில் 99 என்பது 100-ஐ விடப் பெரியது. அச்சடிக்கும்போது மட்டும் வடிவம் கொடுங்கள்: கிளைக் குறியீடு 3 எழுத்து, சாய்கோடு, 25-26 என்று 5, மறுபடி சாய்கோடு. 16-இல் இன்னும் 6 இடம் மிச்சம், ஆண்டுக்கு 9,99,999 பில் வரை தாங்கும். ரத்தான பில்லை அழிக்காமல் ரத்து என்று நிலை மாற்றுங்கள், பில் டேபிளில் டிலீட் உரிமையையே அப்ளிகேஷன் பயனரிடமிருந்து எடுத்துவிடுவது நல்லது.

நிதியாண்டைக் கணக்கிடும் இடத்தில் நேர மண்டலம் கவனம். சர்வர் யுடிசியில் ஓடினால், இந்திய நேரம் ஏப்ரல் 1 நள்ளிரவு என்பது அங்கே மார்ச் 31 மாலை 6:30. காலை 5:30 வரை போடும் பில்லெல்லாம் பழைய ஆண்டின் வரிசையில் போய்ச் சேரும். சர்வரின் இன்றைய தேதியை நம்பாமல், இந்திய நேரத்துக்கு மாற்றிய பில் தேதியிலிருந்து ஆண்டை எடுக்க வேண்டும்.

ஏற்கெனவே ஓடும் டேபிளுக்கு இதைக் கொண்டுவருவதென்றால், பழைய பில்களில் அச்சான எண்ணைத் தொடக் கூடாது. எண்ணே இல்லாத டேபிளாக இருந்தால் மட்டும், ரோ_நம்பர் ஃபங்ஷனைக் கிளையும் ஆண்டும் வாரியாகப் பிரித்து, உருவான நேரம், ஐடி என்ற வரிசையில் ஓட்டி நிரப்பலாம். பிறகு கிளை, ஆண்டு வாரியாக மேக்ஸ் எடுத்து கவுண்டர் டேபிளில் ஏற்றி, யூனிக் கட்டுப்பாட்டைச் சேர்க்க வேண்டும். இவ்வளவும் பில் டேபிளில் எழுதுவதை நிறுத்திவைத்த நேரத்தில் நடக்க வேண்டும், இல்லையேல் மேக்ஸ் எடுத்ததற்கும் கவுண்டர் ஏறியதற்கும் நடுவில் விழும் ஒரு பில் மறுநாள் டூப்ளிகேட் பிழையாகத் திரும்பி வரும். சோதிக்க இரண்டு டெர்மினல் போதும். இரண்டிலும் பிகின் போட்டு, முதலாவதில் எண் வாங்கி நிறுத்திவிட்டு, இரண்டாவதில் அதே கிளைக்குக் கேளுங்கள். அது தொங்கி நிற்க வேண்டும். முதலாவதை ரோல்பேக் செய்தால் இரண்டாவதுக்கு அதே எண் வர வேண்டும், கமிட் செய்தால் அடுத்த எண். இதையே அந்த ஆண்டில் ஒரு பில்கூட இல்லாத கிளைக்கும் ஒரு முறை செய்து பாருங்கள்.